குமரை எங்கே வைத்திருப்பது?

(கல்கிசையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பு என்னுடையதல்ல. ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி. "பதினெட்டு மட்டும் பொறுங்கோ எண்டு சொல்லுறியள், சரி. அது மட்டும் இந்தக் குமரை நான் எங்க வைச்சிருக்கிறது?" என்றார். இருபது வருடங்களுக்கு மேலாக உளவளத்துணை வேலையில் இருக்கிறேன். இளவயதுத் திருமணம் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தத் தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். காலி வீதியால் போனால் இங்கிருந்து தூரமில்லை, இரத்மலானைப் பக்கம் வாடகை வீடு. முதலில் அவர் வந்தது மகள் விஷயமாக அல்ல. ஓயாத தலையிடி, நெஞ்சுக்குள் இறுக்கம், பெருமூச்சு. டொக்டர்மார் பார்த்து, ஸ்கான் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். "உங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டால், "ஒரு கவலையும் இல்லை, சும்மா ஒரே யோசனை" என்பார். என்ன யோசனை என்று கேட்டால் அதற்கும் பதில் வராது. நாலாவது முறை வந்தபோதுதான் கலியாணக் கதை வந்தது.

2008 ஆம் ஆண்டு, மாரிக்காலம், வன்னி. அவருக்குப் பதினைந்து வயது. ஒரு பின்னேரம், தறப்பாள் கொட்டிலுக்குள், போட்டிருந்த சுடிதாரோடு இருத்தி, மஞ்சள் கயிறு கட்டினார்கள். மாப்பிள்ளை அடுத்த கொட்டில் பெடியன், பத்தொன்பது வயது. அதற்கு முதல் அவரோடு ஒரு சொல் கதைத்ததில்லை. ஐயர் இல்லை, மேளம் இல்லை, எழுத்து இல்லை. நம்மிடையே கலியாணப் பதிவை 'எழுத்து' என்றுதானே சொல்வோம். அந்தக் காலத்து வன்னியில் எத்தனையோ கலியாணங்கள் எழுத்தில்லாமல் நடந்தன. "அம்மா அழுதுகொண்டுதான் கட்டி வைச்சவ" என்றார்.

ஏன் கட்டி வைத்தார்கள் என்று இங்கே இருக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் ஆள் சேர்த்த காலம். கலியாணம் கட்டியவர்களைப் பிடிப்பதில்லை என்றொரு நம்பிக்கை சனங்களிடம் இருந்தது. அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் கயிறு ஏறியது. கடைசி மாதங்களில் அந்த வேலியும் நிற்கவில்லை. இதையெல்லாம் செய்த தாய் தகப்பன்மாரைக் கொடியவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பிள்ளையைச் சவப்பெட்டியில் காண்பதா, மணவறை இல்லாத மணக்கோலத்தில் காண்பதா என்று கேட்டால் எந்தத் தாயும் எதைத் தெரிவுசெய்வாள்?

ஆனால் யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் முடியவில்லை. 2009 இல் இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சனங்கள் முகாம்களில் அடைபட்டபோது, பெரும்பாலானோர் இருந்த மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குக் கதவில்லை, மலசலகூடத்துக்கு இரவில் தனியே போக முடியாது. தகப்பனில்லாத வீட்டில் வளர்ந்த பெண் இருந்தால் தாய்க்கு வயிற்றில் நெருப்பு. அங்கேயும் 'ஒருத்தன்ர கையில பிடிச்சுக் குடுத்திட்டால் பாதுகாப்பு' என்ற பேச்சுத்தான். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. சனங்கள் ஊருக்குப் போனார்கள். பேச்சும் கூடவே போனது.

பாதுகாப்பு. நான் இந்த வேலையில் கேட்ட சொற்களில் அதிகம் கேட்டது இந்தச் சொல்தான். வறுமை, சீதனம், படிப்பின்மை, பழைய வழக்கம் என்று காரணங்களைப் பாடப்புத்தகம் வரிசைப்படுத்தும். வரிசை பிழையில்லை. ஆனால் எங்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்க் கேட்டால் அந்தக் காரணங்கள் எல்லாம் கடைசியில் பயம் என்ற ஒரே வாசலால்தான் வெளியே வருகின்றன. மலையகத்தில் தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போயிருப்பாள். பிள்ளை அம்மாயியோடு இருக்கும். லயத்தில் ஒரு கதை கிளம்பினால் அம்மாயி பயப்படுவாள். வடக்கில் ரியூசனுக்குப் போன பிள்ளை ஒருவனோடு கதைத்ததை யாரோ கண்டால் தகப்பன் பயப்படுவார். பிள்ளை கர்ப்பமாகிவிட்டால் ஊர் முழுக்கப் பயம். பயத்துக்கு மருந்தாகக் கலியாணம்.

கொழும்புத் தமிழர்களான நாங்கள் இதை வன்னிக் கதை, தோட்டத்துக் கதை என்று தள்ளிவைக்க முடியாது. வெள்ளவத்தை லொட்ஜுகளை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு முடிந்ததும் முடியாததுமாய்ப் பிள்ளையைக் கொண்டுவந்து ஓர் அறையில் வைத்து, வெளிநாட்டு மாப்பிள்ளையின் கடிதாசிகளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை? படத்தில் மட்டும் கண்ட மனிதரை விமான நிலையத்தில் முதல் முதல் கண்டவர்கள் எத்தனை பேர்? 2007 யூன் 7 ஆம் திகதி விடிய, லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர்நீதிமன்றம் தடை போட்டது. அப்படிப்பட்ட காலத்தில் வெளிநாட்டுக் கலியாணம் என்பது உயிர் தப்பும் வழி. சட்டப்படி வயது வந்த பிள்ளைகள் என்பதால் இதை இளவயதுத் திருமணம் என்று எந்தக் கணக்கெடுப்பும் எழுதாது. ஆனால் விருப்பமா என்று கேட்கப்படாத பிள்ளைக்குப் பதினெட்டும் இளவயதுதான்.

2013 இல் யுனிசெப்புக்காக சாவித்திரி குணசேகரவும் ஹரிணி அமரசூரியவும் இலங்கையின் சிறுவர் திருமணம் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். இரண்டாமவர் 2024 இல் நாட்டின் பிரதமரானார். அந்த ஆய்வு என் கண்ணைத் திறந்த இடம் ஒன்று உண்டு. நமது நாட்டில் இளவயதிலேயே குடும்பம் நடத்தும் பிள்ளைகளில் பலர் பெற்றோர் கட்டி வைத்து அப்படி ஆனவர்கள் அல்லர். தாங்களே விரும்பிப் போனவர்கள். 'ஓடிப்போனது' என்று நாங்கள் சொல்கிறோம். எதிலிருந்து ஓடிப்போனது என்று கேட்பதில்லை. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனிடமிருந்து, தாயில்லாத வீட்டிலிருந்து, கவனிக்க ஆளில்லாத தனிமையிலிருந்து ஓடிய பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். பெற்றோர் பயத்தில் கலியாணத்தைத் தேடுகிறார்கள். பிள்ளையும் பாதுகாப்பைத்தான் தேடுகிறது. இரண்டு பேருக்கும் வேறு கதவு தெரியவில்லை.

எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்பீர்கள். 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் பதினெட்டுக்கு முன் திருமணம் செய்தவர்கள் அல்லது ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கியவர்கள். தமிழ்நாட்டில் 2019–21 கணக்கெடுப்பில் இது 12.8 விழுக்காடு, முழு இந்தியாவில் 23.3. பிராந்தியத்தோடு ஒப்பிட்டு நாங்கள் நல்லது என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. பத்துப் பேருக்கு ஒருத்தி. ஒரு வகுப்பில் நாற்பது பெண்பிள்ளைகள் என்றால் நாலு கதிரை காலி.

சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் சட்டத்தின் கதையே ஒரு பாடம். 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுச் சட்டம் மணப்பெண்ணின் ஆகக்குறைந்த வயதை 12 என்று வைத்தது. ஆனால் ஐரோப்பியர், பறங்கியரின் மகளுக்கு மட்டும் 14. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பன்னிரண்டு வயது குழந்தை வயது என்று. தங்கள் பிள்ளைகள் விஷயத்தில் தெரிந்திருக்கிறது. 1995 இல்தான் ஆண் பெண் இருபாலாருக்கும் 18 என்று பொதுச் சட்டமும் கண்டியச் சட்டமும் திருத்தப்பட்டன. 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் உண்டு. மணப்பெண் கையெழுத்துப் போடத் தேவையுமில்லை, அவளுடைய 'வலி' எனப்படும் ஆண் பாதுகாவலர் போட்டால் போதும். தண்டனைச் சட்டக்கோவை 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொள்வதை, சம்மதம் இருந்தாலும், வன்புணர்வு என்கிறது. அதே வசனத்தில், அவள் 12 வயது தாண்டிய மனைவியாக இருந்தால் அப்படியல்ல என்றும் சொல்கிறது.

நான் முஸ்லிம் அல்ல. வெளியாள் வாய்வைக்கக்கூடாது என்பார்கள். ஆனால் முஸ்லிம் விவாகச் சட்டத்தை மாற்றச் சொல்லி முதலில் கேட்டவர்கள் முஸ்லிம் பெண்களே. 1986 இல் தொடங்கிய முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணியிலிருந்து, 2016 இல் ஹைஷியாமா ஹமீனும் ஹஸனா சேகு இஸ்ஸடீனும் எழுதிய ஆய்வு வரை, அவர்கள் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2009 இல் அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய அரசாங்கம் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தது. அறிக்கை வர 2018 ஜனவரி ஆனது. வந்தபோது குழுவே இரண்டாகப் பிரிந்து நின்றது. இத்தனை வருடமாகியும் அந்தச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது எழுதப்படவில்லை. குழு அமைத்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்கே இப்போது கலியாணம் பேசுகிற வயது. அந்தப் பெண்களின் பக்கத்தில் நிற்பது என் கடமை என்று நினைக்கிறேன், அவர்களுக்கு முன்னால் போய் நிற்பது அல்ல.

இனி மனத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

இளவயதுத் திருமணத்தால் உடம்புக்கு வரும் ஆபத்தை எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். இரத்தச்சோகை, பேறு காலச் சிக்கல், நிறை குறைந்த குழந்தை. மனம் என்றால் மட்டும், 'போகப் போகச் சரிவரும்' என்பார்கள். இந்தியாவில் ருக்மாபாய் என்ற பெண்ணுக்குப் பதினொரு வயதில் கலியாணம் நடந்தது. வளர்ந்த பிறகு கணவனோடு வாழ மறுத்தார். கணவன் 1884 இல் வழக்குப் போட்டான். 1887 இல் பம்பாய் நீதிமன்றம், கணவனிடம் போ, அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்றது. சிறைக்குப் போகிறேன் என்றார். பிறகு அவர் லண்டனில் மருத்துவம் படித்து, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் டொக்டராக நெடுங்காலம் வேலைசெய்தார். வழக்கு நடந்தபோது பத்திரிகைக்குப் பெயர் மறைத்துக் கடிதங்கள் எழுதினார். அந்தக் கடிதங்களில் அவர் முதன்மையாகச் சொன்ன இழப்பு எது தெரியுமா? படிப்பும் மன வளர்ச்சியும். உடம்புக்கு என்ன ஆனது என்று ஊர் வாதாடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை தன் மனத்துக்கு என்ன ஆனது என்று எழுதியது.

ஆய்வுகளும் அந்தக் கடிதத்தின் பக்கத்தில்தான் நிற்கின்றன. அமெரிக்காவில் இருபத்துநாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2011 இல் வெளிவந்த ஆய்வில், பதினெட்டுக்கு முன் மணந்தவர்களுக்கு வாழ்நாளில் மனநோய் ஒன்று வரும் அபாயம் 41 விழுக்காடு கூட என்று கண்டார்கள். பணக்கார நாட்டிலேயே அப்படி. நைஜரிலும் எத்தியோப்பியாவிலும் செய்து 2019 இல் வந்த ஆய்வு, வயது குறையக் குறைய மனநலனும் குறைந்து போவதைக் காட்டியது. பன்னிரண்டிலும் அதற்கு முன்னும் மணந்தவர்களே ஆக மோசமாக இருந்தார்கள்.

என் அறைக்குள் நான் காண்பதைச் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். பதின்ம வயது என்பது ஒரு பிள்ளை 'நான் யார்' என்று தேடும் காலம். சினேகிதிகளோடு கோபித்து, சேர்ந்து, ஒரு பாட்டைப் பிடித்து, அடுத்த மாதம் அதை வெறுத்து, டொக்டராவேன், ரீச்சராவேன் என்று மாறி மாறிச் சொல்லி, மெல்ல மெல்லத் தன்னைச் செய்துகொள்ளும். யோசித்து முடிவெடுக்கும் மூளைப் பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வேலை நடுவில் நிற்கும்போது பிள்ளைக்கு ஒரு பெயர் கொடுத்துவிடுகிறோம்: இன்னாருடைய பெஞ்சாதி. பிறகு இன்னாருடைய தாய். அவள் தன்னுடைய பெயரைக் கண்டுபிடிக்கவே இல்லை.

அப்படிப்பட்டவர்கள் என்னிடம் வந்து 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் யுத்தகாலத்தில் நெடுநாள் வேலைசெய்த உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எங்கள் சனங்களின் துயரம் உடம்பால் பேசுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பெருமூச்சும் நெஞ்சு நோவும் தலையிடியும் ஒரு மொழி. பத்து வருடம், பதினைந்து வருடம் மூடிவைத்த அழுகை வேறு வழியில்லாமல் தலைக்குள் இடிக்கிறது. இரவு வந்தால் பயம் என்பார்கள். என்ன பயம் என்று சொல்லமாட்டார்கள். மணவாழ்வுக்குள் நடக்கும் வன்புணர்வை, நீதிமன்றம் பிரித்து வைத்த தம்பதியர் தவிர, எங்கள் சட்டம் குற்றமாகவே எண்ணுவதில்லை. சட்டத்துக்கே பெயரில்லாத ஒன்றைப் பதினாறு வயதுப் பிள்ளை எந்தச் சொல்லால் சொல்வாள்? குழந்தை பிறந்த பிறகு அதைத் தூக்கவே விருப்பமில்லை என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது. சொல்லிவிட்டு, தான் ஏதோ பாவம் செய்தவள் போலக் கைகூப்பியது. அது பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு, மருந்தும் துணையும் இருந்தால் மாறும் என்று அதற்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

ஆண் பிள்ளைகளையும் மறக்கக்கூடாது. பத்தொன்பது வயதில் குடும்பத்தைத் தூக்கச் சொன்னால் அவன் முதுகும் வளையும். விரும்பிக் கூட்டிக்கொண்டு போனவன், பிள்ளைக்குப் பதினாறு ஆகவில்லையென்றால், வன்புணர்வுக் குற்றவாளியாகக் கூட்டில் நிற்பான். இப்படிப்பட்ட வழக்கில் ஆகக்குறைந்த தண்டனை என்ற விதி நீதிபதியின் கையைக் கட்டாது என்று உயர்நீதிமன்றம் 2008 இல் சொன்னது. சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதே வாசலால், நாற்பது வயதுக்காரனும் 'விரும்பித்தான் வந்தாள்' என்று சொல்லிக்கொண்டு தப்புகிறான் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இடத்தில் என் மனம் இன்னும் அமைதியாகவில்லை.

சட்டம் மட்டும் பயத்தை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1995 அளவில் உலகத்திலேயே தற்கொலை வீதம் மிகக் கூடிய நாடுகளில் ஒன்று இலங்கை. அடுத்த பத்து வருடத்தில் அது பாதியாகக் குறைந்தது. சனங்களின் துயரம் பாதியாகவில்லை. யுத்தம் நடந்தது, சுனாமி வந்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசாங்கம் தடைசெய்தது, அதுதான் பெரிய காரணம். பயத்திலும் ஆத்திரத்திலும் இருக்கும் மனிதருக்கு அருகில், திரும்பிவர முடியாத ஒன்று இல்லாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். பயந்துபோன தாய் தகப்பனின் கைக்கு எட்டாமல் கலியாணத்தை வைக்கும் வேலையைத்தான் பதினெட்டு என்ற சட்டம் செய்கிறது. பயம் போகாது. ஆனால் காலம் கிடைக்கும். காலம் கிடைத்தால் பிள்ளை வளரும்.

அந்தக் காலத்தில் பிள்ளையை எங்கே வைத்திருப்பது என்பதுதான் அந்தத் தாயின் கேள்வி. பள்ளிக்கூடத்தில் என்பது என் பதில். 2016 இலிருந்து கட்டாயக் கல்வி 16 வயது வரை. ஆனால் பதில் அவ்வளவில் முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பஸ்ஸில் தொந்தரவு இருந்தால் பிள்ளை நிற்பாட்டப்படும். ரியூசன் இரவு ஏழு மணிக்கென்றால் நிற்பாட்டப்படும். மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் நிற்பாட்டப்படும். கர்ப்பமான பிள்ளையை 'மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போகும்' என்று அதிபர் வெளியே அனுப்பினால் அதோடு முடிந்தது. ஓடிப்போன பிள்ளையைப் பிடித்து இல்லத்தில் போட்டுப் பூட்டினால், பிடித்தவனை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கமும் 1926 என்ற மனநல உதவி இலக்கமும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும், ஆனால் அதற்கு முன் வீட்டில் யாராவது ஒருவர் கோபப்படாமல் கேட்கவேண்டும். எங்கள் நாட்டில் குடும்பநல மாது ஒவ்வொரு வீட்டுப் படலையையும் திறந்து போகிறார். எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழும் சோடியைத் தன் பதிவேட்டில் எழுதுகிறார். சட்டத்தின் கண்ணில் இல்லாத பிள்ளை அவருடைய கண்ணில் இருக்கிறது. அந்தப் பெண்மணி நிறை நிறுத்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த பிறகு, பக்கத்தில் இருந்து "நித்திரை வருதோ பிள்ளை?" என்று கேட்க ஐந்து நிமிடம் கிடைக்கவேண்டும் என்று நான் கேட்கிறேன். ஒரு மாதுக்கு எத்தனை வீடு என்பதைக் குறைக்காமல் அந்த ஐந்து நிமிடம் வராது.

அந்தத் தாயின் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். அவருடைய தலையிடி ஏன் அந்த வருடம் கூடியது என்று பிறகுதான் விளங்கியது. மகளுக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தது. போனில் ஒரு பெடியனோடு கதைப்பதைக் கண்டுவிட்டார். "காலம் கெட்டுக் கிடக்குது, பேசி வைச்சிட்டுப் பதினெட்டில எழுதலாம்" என்று இனத்தவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அவரும் ஒரு கிழமை அதற்குச் சம்மதமாகத்தான் இருந்தாராம். அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பிறகு ஒருநாள் வந்து, சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "அவளோட என்ன கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை மிஸ். பதினைஞ்சு வயசில ஒரு பிள்ளை என்ன யோசிக்கும்? நான் அந்த வயசில இருக்கேல்லையே" என்றார்.

"அவளிட்டையே கேளுங்கோ" என்றேன்.

அடுத்த முறை வந்தபோது, "கேட்டனீங்களோ?" என்றேன். கேட்டாராம். இரவு படுக்கும்போது கேட்கத் தொடங்கி, இரண்டு மணித்தியாலம் மகள் கதைத்திருக்கிறாள். அந்தப் பெடியனைப் பற்றிக் கொஞ்சம்தான். மிச்சம் முழுக்கத் தன் சினேகிதிகளைப் பற்றி. யார் யாரோடு கோபம், யார் கணக்கில் கெட்டிக்காரி, யாருடைய வீட்டில் நாய் குட்டி போட்டது. ஏழு பிள்ளைகள். ஏழு பேருடைய பெயரையும் விரல் மடித்து, ஒன்றையும் மறக்காமல், அவர் எனக்குச் சொன்னார்.